வேறு பொறுப்பு இல்லாதவள்

வக்கீல் அந்த வரியைப் படித்தபோது, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"மனுதாரரின் உடன்பிறந்த சகோதரி, திருமணமாகாதவர், வேறு பொறுப்பு எதுவும் இல்லாதவர், மனுதாரருடன் ஒரே வீட்டில் வசிப்பவர். குழந்தையை முழு நேரமும் உடனிருந்து கவனித்துக்கொள்ள அவர் மனப்பூர்வமாக முன்வந்துள்ளார்."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் மூன்று நாற்காலிதான் போட முடியும். மிச்ச இடம் முழுக்கக் கேஸ் கட்டுகள். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. பக்கத்து நாற்காலியில் அண்ணன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"யாரு சார் முன்வந்தது?" என்று கேட்டாள்.

"நீங்கதாம்மா."

"எப்போ?"

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. "அதெல்லாம் சும்மா ஒரு இதுக்கு எழுதறது. நீ கண்டுக்காத."

"கேள்வி வந்தா வேலைய விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா," என்றார் வக்கீல். "இல்ல, விடப்போறேன்னாவது சொல்லுங்க. ஜட்ஜம்மா உங்கள நேர்ல பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல பொம்பளை துணை இருக்குன்னு காட்டிட்டா பாதிக் கேஸ் முடிஞ்ச மாதிரி."

பொம்பளைத் துணை! வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, தங்கச்சி இருக்கிறாள். அவளுக்குக் காது மடல் சூடேறியது. இரண்டு பேரையும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் நாற்பதை நெருங்குகிற வரை கேட்காத வாய்க்கு, அந்த நாலு வார்த்தை உடனே கைகூடி வரவில்லை. எழுந்து படியிறங்கி வந்துவிட்டாள்.

வேறு பொறுப்பு இல்லாதவளாம். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சமையல்கட்டுக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் சலவைக்கூடம். அங்கே அவள் மேஸ்திரி. வார்டு வார்டாகத் தள்ளுவண்டியில் அழுக்கு வந்து இறங்கும். ரத்தம் பட்ட விரிப்புகளைத் தனியே எடுத்து முதலில் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் கறை ஜென்மத்துக்கும் போகாது. தொற்று வார்டு மூட்டைகளைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆபரேஷன் தியேட்டர் துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்க்க வேண்டும், மடிப்புக்குள் ஊசியோ பிளேடோ சிக்கியிருக்கும். ஆவியிலும் சூட்டிலும் நின்று வேலை செய்கிற ஒரு பட்டாளப் பெண்களுக்காக அவள் பதில் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த இடத்தில் இவள் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் காலை இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எத்தனை பெரிய டாக்டராக இருந்தாலும் கத்தியை எடுக்க முடியாது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவர்கள் போன பிறகு வீடு அண்ணன் பேருக்குப் போனது. இவள் 'அண்ணன் வீட்டில் இருக்கிறவள்' ஆனாள். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே விருந்தாளி. கல்யாணத்துக்குப் பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போனது. பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போனது. அதற்கும் பிறகு, அதுவே நல்லது என்று அவளுக்கே பட்டுவிட்டது.

அண்ணி வந்தாள். குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற மாதிரி அத்தனை சிறிசாக இருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே 'பட்டாணி' என்று பேர் விழுந்துவிட்டது. அது பேச ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் இவள் அத்தைதான். அண்ணிகூட "அத்தை சாப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்பாள். காலையில் பட்டாணிக்குத் தலை வாரிப் பின்னி விடுவது அத்தையின் வேலை. "இறுக்கிக் கட்டாத அத்தை, கண்ணு மேல போகுது," என்று அது தினமும் கத்தும். தினமும் இவள் அப்படித்தான் கட்டுவாள்.

அண்ணன் கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தான். ஷோரூமில் அவன் வாயிலிருந்து தேன் ஒழுகும். அந்தத் தேன் வீட்டு வாசற்படியோடு வற்றிவிடும். குழம்பில் உப்புக் கம்மி என்றால் தட்டு பறக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை வந்தால் வாரக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

ஒரு சாயங்காலம் அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துவரப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள். இவள் வேலை முடிந்து படியேறி வரும்போது, அண்ணி துணிக் குவியலை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு விரல் அகலத்துக்குத் திறந்து மூடியது. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அதையும் மீறிப் பட்டாணியின் அழுகை.

இவள் கதவைத் தட்டினாள். "அண்ணா, கதவத் திற."

"நீயும் அங்கயே உக்காரு. அப்பத்தான் புத்தி வரும்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அப்போது தரையில் எதையோ இழுக்கிற சத்தம். பட்டாணி ஒரு ஸ்டூலை இழுத்து வந்து போட்டு, ஏறி நின்று, தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டது. கதவு திறந்தது. வெளியே இருந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வந்து ஸ்டூலைக் காலால் எத்தினான். குழந்தை முகம் குப்புற விழுந்தது. மோவாய் கிழிந்து ரத்தம். அண்ணி துணிக் குவியலை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இவளும் கூட ஓடினாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அண்ணி அங்கிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போனாள், பிறகு தனியாக ஒரு வாடகை வீடு பிடித்தாள், பிறகு விவாகரத்து மனுப் போட்டாள்.

அதுவரை பட்டாணி எந்த வகுப்பில் படிக்கிறது என்றுகூடத் தெரியாத அண்ணனுக்கு அன்றைக்குத்தான் அப்பா என்கிற ஞாபகம் வந்தது. "புள்ளைய அவகிட்ட விட்டுடுவேனா? பாத்துடறேன்," என்றான். குழந்தை தனக்கே வேண்டும் என்று எதிர்மனு.

குடும்ப நீதிமன்றம் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்டுக்கு முன்னால் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையே பழுத்துப் போயிருந்தது. நடையில் நீள பெஞ்சுகள். ஒரு கோடியில் புருஷன்மார், இன்னொரு கோடியில் பெண்டாட்டிமார், நடுவில் யார் பக்கம் ஓடுவது என்று தெரியாத குழந்தைகள். கேஸ் நம்பரைக் கூப்பிட்டதும் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேர் எழுந்து போவார்கள். போன வேகத்தில் திரும்பி வருவார்கள். வாய்தா. அண்ணன் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, வாய்தா. நீதிபதி லீவு, வாய்தா. ஆலோசகர் அறிக்கை வரவில்லை, வாய்தா. அண்ணி பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு கேட்டு முதலாளி முன்னால் கைகட்டி நிற்பாள். கோர்ட்டில் யார் வீட்டு நேரம் போகிறது என்று ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்னம்மா? ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும்," என்றாராம். கோபம் வரும், வரட்டும். அது ஏன் ஷோரூமில் கஸ்டமர் மேல் வருவதில்லை என்று அவர் ஒரு தடவையாவது அண்ணனைக் கேட்டிருக்கலாம்.

கேஸ் முடிகிற வரை சனிக்கிழமை தோறும் அப்பா குழந்தையைக் கோர்ட்டில் உள்ள குழந்தைகள் அறையில் பார்க்கலாம் என்று உத்தரவானது. அண்ணன் முதல் சனிக்கிழமை போனான். இரண்டாவது சனிக்கிழமையும் போனான். மூன்றாவது சனிக்கிழமை, "ஷோரூம்ல கூட்டம். நீ போயி உக்காந்துட்டு வா. நம்ம பக்கத்துலேருந்து யாராவது வந்தாப் போதும்னு வக்கீல் சொன்னாரு," என்றான்.

இவள் போனாள். ஆசையாகத்தான் போனாள், அதை மறைப்பானேன்? குழந்தையைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த அறையில் நடுவில் விரிசல் விட்ட ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், ஒரு கை இல்லாத பொம்மை, சுவரில் யாரோ வரைந்து பாதியில் விட்ட யானை. மூலையில் பொறுப்பாளர் அம்மா ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணி பட்டாணியை வாசலில் விட்டுவிட்டு, இவளை ஏறிட்டும் பார்க்காமல் வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பக்க வக்கீலும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்பா எங்க?" என்றது பட்டாணி.

"வேலை இருக்குதாம் கண்ணு."

"அப்பாவுக்குத்தானே என்னைப் பாக்கணும்னு சொன்னாங்க?"

மோவாயில் தையல் போட்ட இடம் வெளுத்த கோடாகத் தெரிந்தது. இவள் தன் பையிலிருந்த சீப்பை எடுத்துத் தலைவார ஆரம்பித்தாள். பொறுப்பாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தவள், விட்டுவிட்டாள்.

இப்படியே பல சனிக்கிழமைகள். 'அப்பா வந்தார்' என்று எழுதப்பட்ட நாளெல்லாம் அத்தை வந்த நாள். பிள்ளை வேண்டும் என்று கேஸ் போட்டவன் அந்த நேரத்தில் எங்கேயோ யாருக்கோ புதுக் காரின் சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் அறையிலிருந்து வந்த அன்றைக்கு இவள் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். விரிப்பு மடிக்கிற மேஜையில் எதிரே நின்ற கூட்டாளி, வயதில் மூத்தவள், எல்லாரும் 'பெரியக்கா' என்று கூப்பிடுகிறவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, துணிய இப்படி இழுக்கற? கிழிஞ்சிடப் போவுது," என்றாள்.

நடந்ததைச் சொன்னாள்.

பெரியக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். பிறகு, "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஆமான்னு சொல்லிட்டா அந்தப் புள்ளை உன்கிட்டத்தானே வரும்?" என்றாள்.

அதுதான் விஷயம். அன்றிலிருந்து இவளைத் தூங்கவிடாமல் அடித்ததும் அதுதான். ஒரே ஒரு 'ஆமாம்' போதும். பட்டாணி திரும்பவும் வீட்டுக்கு வரும். காலையில் கத்தும். வீடு வீடாக இருக்கும். அண்ணனுக்குப் பிள்ளை மேல் ஆசை கிடையாது. ஜெயித்த மறுநாளே அதை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். கல்யாணம், காட்சி என்று எதுவும் இல்லாமலே ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிடலாம். எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கி.

"வரும்," என்றாள். "வந்து, ஸ்டூலப் பாத்தா பயப்படும்."

அவளுக்கு வந்த கோபம் அண்ணன் மேல் மட்டும் இல்லை. அண்ணியின் வக்கீலும் இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாத்தனார்தானே, அண்ணன் பக்கம்தான் பேசுவாள் என்று அவரும் முடிவு கட்டிவிட்டார். ஸ்டூல் விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே மூன்றாம் ஆள் இவள். அண்ணன் 'குழந்தை விளையாடும்போது விழுந்தது' என்று எழுதிக் கொடுத்திருந்தான்; அண்ணி 'உதைத்தான்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டும் கட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருந்தன. பார்த்தவளைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கத்துக்கு அவள் துணை, இன்னொரு பக்கத்துக்கு அவள் எதிரி. ஓர் ஆளாக மட்டும் அவள் இரண்டு பக்கத்தின் கண்ணிலும் படவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற அன்று காலை அண்ணன் அவளைக் காரில் கூட்டிப்போனான். அதுவே அதிசயம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "நீ ஆமான்னு மட்டும் சொல்லு. மிச்சத்த வக்கீல் பாத்துப்பாரு. வளவளன்னு பேசாத." இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நீதிபதி அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேஜைக்கு இருபுறமும் கட்டுகள் குவிந்து, நடுவில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. இவள் கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னாள். எதிரே அண்ணி, தரையைப் பார்த்தபடி.

"நீங்கதான் குழந்தையப் பாத்துக்கப் போறவங்களா? என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் நீதிபதி.

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல மேஸ்திரிங்கம்மா."

"வேலைய விட்டுட்டுக் குழந்தையப் பாத்துக்கறதா மனுவுல இருக்கே?"

"அண்ணன் சொல்லியிருக்காருங்க. என்னைக் கேக்கல."

அண்ணனின் வக்கீல் சட்டென்று எழுந்தார். "அம்மா, சாட்சி கோர்ட்டுக்குப் புதுசு. கொஞ்சம் பதட்டமா இருக்காங்க."

"பதட்டம் இல்லைங்க சார். கோபம்."

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நீதிபதி கையைக் காட்டி வக்கீலை உட்காரச் சொன்னார். "உங்களுக்கு அந்தக் குழந்தை மேல பாசம் இல்லையா?"

"இல்லாம என்னங்க? அது எங்க வீட்டுக்கு வந்தா முதல் லாபம் எனக்குத்தான். காலையில எழுந்தாப் பின்னி விடறதுக்கு எனக்கு ஒரு தலை இருக்கும். அதுக்கு என்ன லாபம்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்லைங்க. எங்க அண்ணனுக்குப் புள்ளை வேணும்னு இல்லம்மா. அண்ணிகிட்ட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சனிக்கிழமை சனிக்கிழமை அவர் வந்தாருன்னு இங்க எழுதியிருப்பாங்க. நான்தாங்க வந்தேன். வேணும்னா அந்த ரூம்ல இருக்கற அம்மாவக் கேளுங்க."

"ஏய், வாய மூடு!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். அடுத்த சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார் நீதிபதி.

அந்த இடத்தில்தான் இவளுக்கு அந்த நாலு வார்த்தையும் கைகூடி வந்தது. படிக்கட்டில் அண்ணி உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். தாழ்ப்பாளைச் சொன்னாள். ஸ்டூலைச் சொன்னாள். யார் எத்தினார்கள், குழந்தை எப்படி விழுந்தது, எந்த ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், எல்லாம். நடுவில் நிறுத்தவே இல்லை. அண்ணி முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அண்ணனின் வக்கீல் எழுந்து, இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். இவளுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த கிளார்க்கைக் கேட்டாள்.

"கூட்டிட்டு வந்தவங்களுக்கு எதிரா மாத்திப் பேசினா அப்படிச் சொல்றதும்மா."

"நான் எங்கங்க மாத்திப் பேசினேன்? இதுக்கு முன்னாடி என்னை யாருமே பேசச் சொல்லலையே!"

உண்மையைச் சொன்னவளுக்கு அங்கே அதுதான் பட்டம். பட்டம் கொடுத்ததும் வக்கீல் தன் சொந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார்.

"அண்ணன் வீட்டுல இவ்வளவு காலம் இலவசமாத் தங்கியிருக்கீங்க, இல்லையா?"

"இலவசமாவா? எங்கப்பா கட்டின வீடுங்க அது. அங்க சமைச்சது, பெருக்கினது, அப்பா அம்மாவுக்கு மலஜலம் எடுத்தது எல்லாம் நான். அவருதான் இலவசமா இருந்தாரு."

"உங்களுக்குன்னு ஒரு குடும்பம் இல்லாததால, இன்னொரு குடும்பத்தோட அருமை..."

"அந்தக் கேள்வி வேண்டாம்," என்றார் நீதிபதி.

"சரி. இப்படிச் சொல்றதுக்கு உங்க அண்ணி என்ன கொடுத்தாங்க?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. வாராவாரம் அதான் கொடுத்தாங்க."

இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. நீதிபதி அம்மாகூட இருமுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவள் கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தாள். அண்ணன் நடையில் வழிமறித்தான். முகம் கறுத்திருந்தது. "இனிமே நீ எனக்குத் தங்கச்சியே இல்ல. தெரிஞ்சுக்கோ."

"நல்லது," என்றாள். "அந்த வேலையிலேருந்தாவது எனக்கு ஓய்வு கிடைச்சுதே."

பஸ் ஏறி வீட்டுக்குப் போய், துணிமணியையும் அம்மாவின் போட்டோவையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பெரியக்கா ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் சத்தம். முதல் வாரம் அந்த அறையில் உட்கார்ந்து அழுதாள் என்பதும் உண்மைதான். கோபப்பட்டவர்களுக்கு அழுகை வராது என்று யார் சொன்னது?

தீர்ப்பு வந்தது. குழந்தை அம்மாவிடமே இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அப்பா அதே குழந்தைகள் அறையில் வந்து பார்க்கலாம். சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இவளும் போய்க் கேட்டாள். அண்ணியின் வக்கீல், "உங்க சாட்சிதான் திருப்பமே," என்று கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். அண்ணி இவளைப் பார்த்தாள், உதடு அசைந்தது. அதற்குள் அவளோடு வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

இவள் கிளார்க் மேஜைக்குப் போனாள். "ஐயா, இதுல அத்தைக்கு என்ன போட்டிருக்கு?"

"எந்த அத்தைக்கு?"

"குழந்தையோட அத்தைக்கு. நான் எப்போ பாக்கலாம்?"

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "அம்மா, நீங்க இந்தக் கேஸ்ல கட்சிக்காரரே இல்ல. சாட்சி. சாட்சி சொல்லியாச்சு, முடிஞ்சுது."

முழு நேரமும் பார்த்துக்கொள்ளப் போகிறவள் என்று எழுதும்போது அவள் அந்தக் கேஸில் இருந்தாள். தலை வாரி விட்ட சனிக்கிழமைகளில் அப்பா என்கிற பேரில் இருந்தாள். இப்போது இல்லையாம். வேண்டியபோது எடுத்துப் போர்த்திக்கொள்ளவும் வேண்டாதபோது மூட்டை கட்டவும் அவள் என்ன ஆஸ்பத்திரி விரிப்பா? அந்த மூன்று மாடியையும் இறங்கி முடிக்கிற வரை தனக்குத்தானே சத்தமாகவே பேசிக்கொண்டு போனாள். படியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக் கெடு முடிகிற வரை எதிர்த்தரப்பு உறவுக்காரர்கள் யாரையும் பார்க்க வேண்டாம் என்று அண்ணிக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். இவளுக்கு அது தெரியாது. அண்ணியின் வாடகை வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

ஒரு சனிக்கிழமை மதியம் சலவைக்கூடத்துக் காவல்காரர் வந்து, "மேஸ்திரியம்மா, உங்களத் தேடி ஆள் வந்திருக்கு," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே அண்ணி. பக்கத்தில் பட்டாணி, ஒரு பல் விழுந்த வாயோடு.

"கோர்ட்டுலேருந்து வர்றோம். அவர் வரல," என்றாள் அண்ணி. "போன தடவையும் வரல. இவளுக்கு நல்ல சட்டை போட்டு, கடைக்கு லீவு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போறேன். வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் கூட்டிட்டு வரலன்னா கோர்ட்டு உத்தரவ மீறினதா ஆகும். அவர் வரலன்னா ஒண்ணும் ஆகாதாம்."

"ஒண்ணும் ஆகாதா?"

"விசாரிச்சேன். பாக்கறது அவர் உரிமையாம். உரிமைய எடுத்துக்காம விட்டா யாரு கேக்கறது?"

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குள் பட்டாணி இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டுவிட்டது. ஈரமும் சோப்புமாக இருந்த உடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அத்தை, உன் மேல ஆஸ்பத்திரி வாசனை," என்றது.

அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "நான் முன்னாடியே வந்திருக்கணும். எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னே சொன்னாங்க. நானும் பயந்துட்டேன்."

"உங்கள யாரு குத்தம் சொன்னா? உங்களுக்கு மட்டும் பயம் இல்லாம இருக்குமா?" என்றாள் இவள். "இனிமே அந்தச் சனிக்கிழமையில நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க கடைக்குப் போங்க. உத்தரவுல, குழந்தையக் கொண்டுவரணும்னுதானே இருக்கு? யாரு கொண்டுவரணும்னு இல்லையே?"

அண்ணி சிரித்தாள். பிரிந்து போனதற்குப் பிறகு அவள் சிரித்து இவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்படித்தான் இவள் மறுபடியும் அந்த அறைக்குப் போனாள். அண்ணன் வராத நாளெல்லாம் கிளார்க் மேஜைக்குப் போய் நின்று, "இன்னிக்கும் வரலைங்க, எழுதுங்க," என்பாள். நீங்கள் கட்சிக்காரர் இல்லை என்று அவர் தொடங்கும்போதே, "எனக்குத் தெரியுங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவர் வரலன்னு மட்டும் எழுதுங்க," என்பாள். அந்த நச்சரிப்பு தாங்காமலோ என்னமோ, அவர் எழுத ஆரம்பித்தார். அதைக் காட்டி அண்ணி ஒரு மனுப் போட்டாள். அப்பா வரவில்லை என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை என்று நீதிபதி உத்தரவை மாற்றினார். இத்தனை பெரிய கட்டிடத்திலிருந்து அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது அந்த அரை மணிதான். அதற்கே அத்தனை மாதம் அலைய வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அரை மணி ஆனதும் இவள் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பூங்கா. பட்டாணி ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தது. இவள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். தங்கச்சியே இல்லை என்று சொன்னதற்குப் பிறகு முதல் தடவையாக.

"எங்க போயிட்டீங்க? நான் இங்க கோர்ட்டுல நிக்கறேன்," என்றான்.

"நேரமாச்சு. கிளம்பிட்டோம். பக்கத்துப் பூங்காவுலதான் இருக்கோம், வா. ஊஞ்சல் ஆடிக்கிட்டிருக்கா. வந்து நீ தள்ளி விடு." சொல்லும்போதே அவளுக்கு ஒரு நப்பாசை. என்ன இருந்தாலும் அப்பன். வரட்டுமே. பல் விழுந்ததைப் பார்க்கட்டுமே.

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தான். பிறகு கேட்டான்: "பூங்காவுக்கு வந்தா அது வருகையில சேருமா?"

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"யாரு அத்தை?"

"அப்பா."

"வர்றாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த வீட்டிலும் அந்தக் கட்டிடத்திலும் குழந்தைக்காக என்று சொல்லிப் பெரியவர்கள் சொன்ன பொய்கள் போதும் என்று பட்டது.

"இல்ல கண்ணு. வரல."

கால் தரையில் உரச ஊஞ்சல் மெதுவாக நின்றது. பட்டாணி திரும்பிப் பார்த்து, "அத்தை, நீ கை வலிக்குதுன்னு சொல்லாம தள்ளுவியா?" என்றது.

"உக்காரு. கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றாள்.